ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்

லண்டனில் குடியேறும் தமிழர் வேலை, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பக்கத்துக் கோயில் என்ற வரிசையில் ஊரைப் பழகுவது வழக்கம். 2000களின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் நிலையத்துக்கு அருகே அறை எடுத்த எனக்கு, இவற்றோடு வெஸ்ட் ஹாம் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்ட அட்டவணையையும் பழகவேண்டியிருந்தது. அக்கழகம் 1904 முதல் 2016 வரை விளையாடிய போலின் மைதானம், சேலைக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் கிரீன் ஸ்ட்ரீட்டிலேயே இருந்தது. ஏறத்தாழ 35,000 பேர் கொள்ளும் அந்த அரங்குக்கு வருவோரில் பெரும்பகுதியினர் இறங்குவதும் திரும்பி ஏறுவதும் ஒரே ஒரு நிலக்கீழ் ரயில் நிலையத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் நிலைய வாசலை மறித்துக் குதிரைப் பொலிஸார் நிற்பார்கள். ரயில் மேடை கொள்ளக்கூடிய அளவினரை மட்டும் உள்ளே விட்டு, மற்றவர்களை வீதியோடு நீண்ட வரிசையில் நிறுத்துவார்கள். அந்த வரிசை கரையும் வரை வேலை முடிந்து வருகிற எங்களாலும் வீட்டுக்குள் போக முடியாது.

முதலில் அந்தக் குதிரைகளைக் கண்டபோது எனக்கு ஏற்பட்டது அச்சம். யாழ்ப்பாணத்தாருக்கு உதைபந்தாட்டமும் அடிதடியும் புதியவை அல்ல. குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களின் கழகங்கள் மோதும் ஆட்டங்களில் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிச் சனம் உள்ளே இறங்குவதும், நடுவர் தப்பி ஓடுவதும் நாங்கள் பார்த்தவையே. அங்கே சண்டையை விலக்கிவிட்டவர்கள் ஊர்ப் பெரியவர்களும் சில வேளைகளில் பங்குத்தந்தையும். சீருடைக்காரர் வந்தால் எல்லாரும் ஓடவேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு. 1974 ஜனவரி 10 அன்று உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசி, மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போன கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆகவே பொலிஸ் குதிரைகள் சனத்தை அடக்க வந்தவை என்று எண்ணினேனே தவிர, மேடையில் நெரிசல் ஏற்படாமல் காக்க நிறுத்தப்பட்டவை என்று எண்ண எனக்குக் காரணம் இருக்கவில்லை.

அடக்குவதற்கென்றே அவை வந்த இரவையும் அதே வீதியில் கண்டேன். 2009 ஆகஸ்ட் 25, செவ்வாய்க்கிழமை. லீக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்றில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மில்வோல் வந்திருந்தது. இந்தப் பகை தேம்ஸ் நதியின் கப்பல்துறைக் காலத்தது. 1885இல் ஐல் ஒஃப் டோக்ஸில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலையின் தொழிலாளர் தொடங்கிய கழகம் மில்வோல்; 1895இல் தேம்ஸ் இரும்பாலைத் தொழிலாளர் தொடங்கிய கழகத்திலிருந்து வந்தது வெஸ்ட் ஹாம். கப்பல்துறைகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்னும் பகை மூடப்படவில்லை. நான் வேலை செய்த பலசரக்குக் கடையின் முதலாளி, வடமராட்சிக்காரர், மாலை ஆறு மணிக்கே இரும்புக் கதவை இழுத்தார். "தம்பி, இண்டைக்கு மில்வோல். வித்ததெல்லாம் போதும், நீ பின்பக்கத்தாலை வீட்டை போ" என்றார். அவர் சொன்னபடியே அன்றிரவு பக்கத்துத் தெருக்களில் செங்கற்களும் போத்தல்களும் பறந்தன. கவசத் தொப்பிகளும் நாய்களும் குதிரைகளுமாகப் பொலிஸார் வரிசை கட்டினர். மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. 44 வயதான ஒருவர் அரங்குக்கு வெளியே நெஞ்சில் கத்திக்குத்துக்கு இலக்கானார். உள்ளே 1-1 என்று சமநிலையிலிருந்த ஆட்டம் மேலதிக நேரத்தில் வெஸ்ட் ஹாமுக்கு 3-1 என முடிந்தபோது, ரசிகர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மைதானத்துக்குள் இறங்கியிருந்தனர். பின்னர் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் வெஸ்ட் ஹாமுக்கு 115,000 பவுண் அபராதம் விதித்தது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை இலங்கைப் போர் தொடர்பாக நாடாளுமன்றச் சதுக்கத்தில் நடந்த எங்கள் தமிழர் போராட்டத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கும் இதே லண்டன் பொலிஸார்தான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஒரு நாள் இழுபறி; இன்னொரு நாள் எங்கள் பையன்களோடு நின்று எந்த ஓரத்தில் நடக்கலாம் என்று பேசி முடிவுசெய்தார்கள். நாங்கள் அதே ஆட்கள்தான். அதிகாரி மாறியதும் சனத்தின் சூடு ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் பார்த்தேன். அதனாலேயே ஆகஸ்ட் இரவைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரரின் காடைத்தனம்" என்று கடையில் எல்லாரும் பேசி முடித்தபோது எனக்கு அது போதவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், வார இறுதி வருமானத்துக்காக ஒரு முகவர் நிறுவனத்தின் மூலம் லண்டன் அரங்கொன்றில் ஸ்டூவர்ட் வேலைக்கு, அதாவது சனத்தை வழிநடத்திக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடக்கும் அறிவுறுத்தல் நேரத்துக்கு அந்நிறுவனம் சம்பளம் தராது என்பதை முதல் மாதச் சம்பளச் சீட்டில்தான் கண்டேன். ஆயினும் பயிற்சி நல்ல பயிற்சி. மஞ்சள் சட்டையோடு மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் ஆட்டத்துக்கு முதுகையும் சனத்துக்கு முகத்தையும் காட்டி நிற்க வேண்டும். கோல் விழுந்தாலும் திரும்பக்கூடாது. படிவழிகளில் எவரையும் நிற்க விடக்கூடாது. யாருடைய முகம் திடீரென்று கீழே போகிறது என்று பார்க்க வேண்டும். சுழற்கதவு வழியே உள்ளே போனவர்களின் எண்ணிக்கை கட்டுப்பாட்டு அறைக்கு உடனுக்குடன் போய்ச்சேரும். ஸ்டூவர்ட்டுகளில் பாதிப்பேர் என்னைப்போல வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த இளையவர்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார்கள்.

இந்த விதிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பயிற்சியாளர் எப்போதும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்: ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரிலுள்ள அந்த அரங்கில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டுக்கும் இடையே எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. அரங்கின் லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்குப் போதிய சுழற்கதவுகள் இல்லாமல் வெளியே நெரிசல் கூடியது. 2.52க்குப் பொலிஸ் கட்டளைப்படி வெளியேறும் வாயிலொன்று திறக்கப்பட்டது. ஆனால் அவ்வாயிலுக்கு நேர் எதிரே இருந்த சுரங்க வழியை யாரும் மறிக்கவில்லை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த 3ஆம், 4ஆம் அடைப்புகளுக்கு, அதாவது வேலியிட்ட நிற்கும் பகுதிகளுக்குச் சனத்தை நேராகக் கொண்டுபோய் விட்டது. முன்னால் உயர்ந்த கம்பி வேலி. 1970களிலும் 80களிலும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்குவதைத் தடுக்கப் போட்ட வேலி. ஆட்டம் 3.06க்கு நிறுத்தப்பட்டபோது, பலர் நின்ற நிலையிலேயே மூச்சு நெரிபட்டு இறந்துகொண்டிருந்தனர். வேலியில் ஏறியவர்களை மைதானத்துக்குள் புக முயலும் காடையர் என்று எண்ணிய பொலிஸார் முதலில் திருப்பித் தள்ளியதும் நடந்தது. கடைசியாக 2021இல் இறந்தவரையும் சேர்த்து, அந்த நாள் கொன்றது 97 பேரை.

பொறுப்பதிகாரியாயிருந்த டேவிட் டக்கன்ஃபீல்ட், வாயிலை ரசிகர்களே உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததாக அன்றே பொய் சொன்னார். சில நாட்களில் 'த சன்' பத்திரிகை, ரசிகர்கள் இறந்தோரின் பைகளைக் களவெடுத்தார்கள் என்று 'உண்மை' எனத் தலைப்பிட்டு முதற்பக்கத்தில் எழுதியது. லிவர்பூலில் அப்பத்திரிகையை இன்றும் பலர் தொடுவதில்லை. 1990 ஜனவரியில் வெளிவந்த டெய்லர் நீதிபதியின் இறுதி அறிக்கை வேலிகளைக் கழற்றவும் நிற்கும் பகுதிகளை ஒழித்து இருக்கைகள் போடவும் வழிசெய்தது. ஆனால் பொலிஸ் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன என்று வெளிப்பட 2012இன் சுயாதீனக் குழு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2016 ஏப்ரலில் மரண விசாரணையின் ஜூரிமார், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்கள்மீது பிழை இல்லை என்றும் தீர்ப்பளித்தனர். 2019இல் டக்கன்ஃபீல்ட் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 27 ஆண்டுகள் தாய்மார் விடாமல் நீதிமன்ற வாசலுக்கு நடந்த அந்தக் கதையை, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை அறிந்த நாங்கள் எளிதில் விளங்கிக்கொள்வோம்.

ஹில்ஸ்பரோவின் வேர் கூட்டத்தின் குழப்பத்தில் அல்ல, கூட்டத்தைக் குழப்பக்காரராக மட்டுமே பார்த்த கண்களில் இருந்தது என்பதே என் எண்ணம். வேலியும் அதற்காகவே போடப்பட்டது; வேலியில் ஏறியவனைத் தள்ளியதும் அதனால்தான். இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சி 2004இல் போர்த்துக்கலில் நடந்த ஐரோப்பியக் கிண்ணம். கிளிஃபோர்ட் ஸ்டொட் முதலிய கூட்ட உளவியல் ஆய்வாளர்களின் ஆலோசனையை ஏற்ற நகரப் பொலிஸார், கவசப் படையை மறைவில் வைத்துவிட்டு, வழமையான சீருடையில் இரண்டு மூன்று பேராக ரசிகர்களிடையே நடந்து பேசிப் பழகினர். ஆட்டம் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வேறொரு பொலிஸ் படையின் பொறுப்பில் இருந்த, அந்த முறை கையாளப்படாத அல்புஃபெய்ராவில்தான் கலவரம் நடந்தது.

ஆனால் பேசிப் பழகினால் எல்லாம் அடங்கிவிடும் என்று சொல்லும் மென்மனத்தாரோடும் நான் உடன்படவில்லை. சண்டைக்கென்றே வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எதிராக இங்கிலாந்து கையாளும் கருவிகளில் எனக்குப் பிடித்தது தடையாணை. நீதிமன்றம் ஒருவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் கூடியது பத்து ஆண்டுகளும் உதைபந்தாட்டத்துக்குப் போகத் தடை விதிக்கலாம். தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது அவர் கடவுச்சீட்டைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கழகத்துக்கும் அதன் ரசிகர்களை முகம் தெரிந்த பொலிஸார் இருப்பதால், ஆயிரம் பேரைச் சுற்றி வளைக்காமல் பத்துப்பேரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. செலவு வேறு கதை. அரங்குக்குள்ளும் தன் நிலத்திலும் நிற்கும் பொலிஸாருக்கு மட்டும் கழகம் பணம் கட்டினால் போதும், வெளியே வீதியில் நிற்பவர்களுக்குக் கட்டத் தேவையில்லை என்று 2017இல் இப்ஸ்விச் கழகத்தின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கோடிக்கணக்கில் ஆட்டக்காரரை வாங்கும் கழகங்களின் சனத்தை என் வரிப்பணம் வீட்டுக்கு அனுப்பிவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் எங்களுக்கு முன் வந்த ஆசியர்களுக்கு ஆட்ட நாள் என்றால் கடையைப் பூட்டும் நாள். 1991ஆம் ஆண்டுச் சட்டம் இனவெறிக் கோஷத்தைக் குற்றமாக்கியபோதும், இருவராவது சேர்ந்து கத்தினால்தான் அது கோஷம் எனப்பட்டது; தனியொருவர் கத்தினாலும் குற்றம் என்று 1999இல் திருத்தினார்கள். போர்ட் வேல் அரங்கில் ஓல்டம் நகரத்தாரைப் 'பாக்கி' என்று, தென்னாசியரை இழிக்கும் சொல்லால் பாடிய ஒருவரின் வழக்கில், அது இனவெறியே என்று உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. அந்தச் சொல்லை நான் மஞ்சள் சட்டையோடு நின்றபோதும் கேட்டிருக்கிறேன். இப்போது அதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால் கெமராவில் இருக்கை எண்ணைக் கண்டுபிடிப்பார்கள். முன்பு அப்படிச் சொல்ல ஆளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டம் இவ்வளவு பாடங்களுக்குப் பிறகும் நடந்தது. காலையிலிருந்தே குடித்துக் கூடிய சனத்தைச் சந்திக்கப் பொலிஸார் பிற்பகலுக்கே திட்டமிட்டிருந்தனர். வாயில்களில் நின்றவர்கள் எங்களைப் போன்ற மணிக்கூலி ஸ்டூவர்ட்டுகள். நுழைவுச்சீட்டில்லாத சுமார் 2,000 பேர் உள்ளே புகுந்தனர் என்றும், கூட்டமாக உடைத்துப் புகுந்த சம்பவங்கள் 17 என்றும், உயிர்ச்சேதம் நேராமல் போனது தற்செயலே என்றும் அதை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை கண்டறிந்தது. சிலர் புகுந்தது சக்கர நாற்காலிக்காரருக்கான வாயிலால். இங்கே குறைந்தது அடக்குமுறை அல்ல, ஆயத்தம்.

போலின் மைதானத்தின் கடைசி ஆட்டம் 2016 மே 10இல் நடந்தது. அன்றும் மன்செஸ்டர் யுனைடெட் அணியின் பஸ்மீது போத்தல்கள் வீசப்பட்டு ஆட்டம் 45 நிமிடம் தாமதித்தது. இன்று அவ்விடத்தில் அடுக்குமாடிகள். கிரீன் ஸ்ட்ரீட்டில் சேலைக்கடைக்காரருக்கு நிம்மதி, தேநீர்க்கடைக்காரருக்கு நட்டம். கழகம் குடிபோன ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியில் இப்போது நம்மவர் பலர் வீடு எடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆட்ட அட்டவணையைக் கைபேசியில் போட்டுவைத்து, அந்த நாட்களில் வாகனத் தரிப்பிட விதி மாறுவதைக் கவனியுங்கள். பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனால் குடும்பப் பகுதியில் சீட்டு வாங்குங்கள். எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளூர்ப் பகுதியில் இருக்காதீர்கள். ஆட்டம் முடிந்தபின் நிலையத்துக்குப் போகும் பாதையில் 'நில்', 'செல்' பலகைகளோடு ஸ்டூவர்ட்டுகள் மறிப்பார்கள். சனம் அவர்களைத் திட்டும், நீங்கள் திட்டவேண்டாம். அவசரமானவர்கள் மறுபக்கமாக ஹக்னி விக் நிலையத்துக்கு நடந்து போகலாம்.