குளுங்குங்கில் கழுத்து வலிக்க ஒரு நாள்

பாலித் தீவின் உபுடிலிருந்து குளுங்குங் ஊருக்குப் போக 2 இலட்சம் ரூப்பியா என்று பேசி முடித்த பிறகுதான் காரில் ஏறினேன். ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்தப் பயணத்தின் முடிவில் ஓட்டுநர் மூன்றரை இலட்சம் கேட்டார். திரும்பும்போது வெறும் வண்டியாகப் போக வேண்டியிருக்கிறதாம். ‘பாக்’ (ஐயா) என்று மரியாதையாகவே அழைத்துப் பத்து நிமிடம் வாதாடி, இரண்டே முக்கால் இலட்சத்தில் முடித்தேன். கூடுதலாகப் போன பணம் நம் கணக்கில் ஏறக்குறைய 400 ரூபாய். அன்றைய சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. எனவே இக்கட்டுரையின் முதல் அறிவுரை: பேசிய தொகையைக் கைப்பேசியில் எழுதி, ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் நாற்சந்தியில் இறங்கியதும் எதிரே கெர்த்தா கோசா மண்டபம் தெரிய, வரிசை அங்கேயே குலைந்துவிட்டது.

ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் செமாராபுரா. மக்கள் வாயில் இன்னும் குளுங்குங்தான். பாலியின் பெரிய கோயிலான பெசாகிக்குப் போகிறவர்கள் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இந்தச் சிற்றூர், பாலித் தீவின் அரசர்களுக்குள் மிக உயர்ந்த மதிப்புப் பெற்றிருந்த, ‘தேவ அகுங்’ என்னும் பட்டம் தாங்கிய மன்னர்களின் தலைநகரமாக இருந்தது. அதற்கு முன் தலைநகரம் தெற்கே இருக்கும் கெல்கெல். அந்த அரசு சிதைந்த பிறகு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரண்மனை இங்கே வந்தது.

கெர்த்தா கோசா ஒரு நீதிமன்றம். நான்கு பக்கமும் திறந்த, உயர்ந்த மேடை மேல் நிற்கும் சிறிய மண்டபம். வழக்கு நடந்த இடத்துக்கு மேலே, கூரையின் உட்புறம் முழுவதும் நரகம். இறந்துபோன பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க பீமன் யமலோகம் போகும் ‘பீம ஸ்வர்கா’ கதை அங்கே வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பாரதத்தை நம் ஊர்க் கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தப் பீமன் புதியவன். கொதிகொப்பரையைக் கவிழ்த்து அவ்விருவரையும் மீட்கிறான். பக்கத்தில் பாலிக்கே உரிய வேலைக்காரன் துவாலென் கருத்த உடலும் பெருத்த வயிறுமாக நிற்கிறான். வாள் போன்ற இலைகள் கொண்ட மரத்தின் அடியில் பாவிகள் அலறுகிறார்கள். கீழ் வரிசையில், அரசனுக்கு இரவுதோறும் கதை சொல்லும் தந்த்ரியின் கதைகள் இருக்கின்றன. அவை நம் பஞ்சதந்திரத்துக்கு உறவுடையவை. குற்றம் சாட்டப்பட்டவன் அண்ணாந்து பார்த்தால் அவனுக்குக் காத்திருப்பது தெரியும். அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது; படுத்துப் பார்க்க விட்டால் கூடுதல் கட்டணம்கூடக் கொடுத்திருப்பேன்.

அரண்மனையில் எஞ்சியிருப்பவை இந்த மண்டபமும், குளத்தின் நடுவே நிற்கும் பாலே கம்பாங் மண்டபமும், செங்கல்லால் கட்டிய பெருவாயிலும்தான். மற்றவை 1908 ஏப்ரல் 28 அன்றைய தாக்குதலோடு போயின. டச்சுக்காரர்கள் அபின் விற்பனையைத் தங்கள் ஏகபோகமாக்கியதை எதிர்த்து கெல்கெலில் கலகம் எழுந்தது. அதை அடக்க வந்த படை குளுங்குங்கைப் பீரங்கியால் தாக்கியது. சரணடைய மறுத்த தேவ அகுங் ஜம்பே, குடும்பத்தாரும் பரிவாரமுமாகச் சுமார் 200 பேருடன் ‘கெரிஸ்’ என்னும் குத்துவாளை ஏந்தித் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து வந்து மாண்டார். ‘புபுத்தான்’ என்று இதைச் சொல்கிறார்கள். முடிவுவரை என்று பொருள். அத்துடன் பாலி முழுவதும் டச்சு ஆட்சியின் கீழ் வந்தது. சாலையின் எதிர்ப்புறம் நிற்கும் நினைவுச்சின்னம், ஆவுடையாரின் மேல் லிங்கம் நிற்பது போன்ற வடிவம். உள்ளே இருக்கும் பொம்மைக் காட்சிகள், உண்மையைச் சொன்னால், மிகவும் சுமார். எதிரே தனியாக நிற்கும் அந்த வாயில் அவற்றைவிட அதிகம் சொல்கிறது.

கூரையில் உள்ள ஓவியப் பாணியின் சொந்த ஊரான கமாசான் நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஓவியர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். துணிக்கு அரிசிக் கஞ்சி பூசி, வெயிலில் காய வைத்து, பிறகு சோழியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கையால் தடவிப் பார்த்தபோது அது துணியாகவே தோன்றவில்லை, தடித்த காகிதம்போல வழவழத்தது. கறுப்பு மை விளக்குக் கரியிலிருந்து வருகிறது. நான் கேட்ட சிறிய ஓவியத்தின் விலை நியாயமானதுதான், ஆனால் காலையில் காருக்குக் கொடுத்ததை நினைத்து வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது வருந்துகிறேன்.

பணம் மிச்சமானது மாலையில், செரொம்போத்தானால். வள்ளைக்கீரை, காராமணி, முளைப்பயறு, சிறு கத்திரிக்காய் எல்லாவற்றையும் கலந்து, மேலே காரமான தேங்காய்க் கலவையைப் போட்டு வறுத்த கடலை தூவித் தரும் இந்த ஊரின் சிறப்பு உணவு அது. தேங்காயும் மிளகாயும் கச்சோலக் கிழங்கும் சேர்ந்து நாக்கில் ஏறிய விதத்தில், உபுடில் மூன்று மடங்கு கொடுத்துச் சாப்பிட்ட ‘ஆரோக்கியக் கிண்ணம்’ எல்லாம் வீண் என்று தோன்றியது. சைவக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கலவையில் பெரும்பாலும் ‘தெராசி’ என்னும் இறால் விழுது இருக்கும். விற்ற அம்மாவிடம், ‘இபு, தெராசி வேண்டாம்’ என்று சைகையோடு கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே கலந்து வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து காட்டினார். நான் அசைவக்காரன்தான், இரண்டாவது பொட்டலமும் வாங்கிக்கொண்டேன்.