வயதுக்குக் கிடைத்த மதிப்பெண்கள்

2024 மார்ச் 8 அன்று வெளியான, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு ஜூடாஸ் ப்ரீஸ்டின் பத்தொன்பதாவது ஆல்பமான ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’, விமர்சகர்களிடம் ஏறக்குறைய ஒருமித்த பாராட்டைப் பெற்றது. பிரிட்டன் தரவரிசையில் அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 1974இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அந்தக் குழு, அதுவரை அங்கே அவ்வளவு உயரத்தைத் தொட்டதில்லை. ஆல்பம் எனக்கும் பிடித்தது. ஆயினும், அது பாராட்டப்பட்ட விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ‘இந்த வயதிலும்’ என்ற வியப்பிலேயே தொடங்கின. வியப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. கிதார் கலைஞர் கிளென் டிப்டன் தமக்குப் பார்கின்சன் நோய் இருப்பதை 2018இலேயே அறிவித்திருந்தார். மற்றொரு கிதார் கலைஞரான ரிச்சி ஃபாக்னர், 2021இல் அமெரிக்காவின் லூயிவில் நகர மேடையில் ‘பெயின்கில்லர்’ பாடலை வாசித்துக்கொண்டிருக்கையிலேயே பெருந்தமனி கிழிந்து, பத்து மணி நேரத்துக்கும் மேலான அறுவை சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தவர். இவற்றையெல்லாம் அறிந்த விமர்சகரின் பேனா இளகிவிடுவது இயல்புதான். ஆனால் இளகிய பேனா பாடல்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

‘பெயின்கில்லருக்குப் பிறகு வந்த சிறந்த ஆல்பம்’ என்ற தீர்ப்பும் அப்படிப்பட்டதே. 2018இல் வந்த ‘ஃபயர்பவர்’ ஆல்பத்துக்கும் இதே பட்டத்தைத்தான் சூட்டினார்கள். அந்தப் பாடல் இடம்பெற்ற, 1990இல் வந்த ‘பெயின்கில்லர்’ ஆல்பத்துக்குப் பின் ஹால்ஃபோர்ட் 1992இல் விலகி 2003இல்தான் திரும்பினார், இடையில் வேறொரு பாடகரோடு இரண்டு ஆல்பங்கள், பின்னர் 2008இல் பலரின் பொறுமையைச் சோதித்த ‘நாஸ்ட்ரடாமஸ்’ என்ற இரட்டை ஆல்பம். இந்த வரிசையில் முதலிடம் பெறுவது அப்படியொன்றும் கடினமான காரியம் அன்று.

பாடல்களுக்கு வருவோம். ‘பேனிக் அட்டாக்’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) சாயல், 1986இன் ‘டர்போ’ ஆல்பத்தை நேராக நினைவூட்டுகிறது. அந்த ஆல்பத்தின் கிதார் சிந்தசைசரைத் துரோகமாகவே கருதிய ரசிகர்கள் அன்று பலர் இருந்தனர். இன்று அதே ஒலி இனிய நினைவாக வரவேற்கப்படுகிறது. ‘கிரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்’ பாடலில் ஹால்ஃபோர்ட் உச்ச ஸ்தாயியில் வீறிடாமல், பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நின்று மெட்டை வளர்த்துச் செல்கிறார். அவருடைய குரலின் இன்றைய வலிமை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பாடல் காட்டுமளவுக்கு, அதிகம் புகழப்பட்ட அவருடைய கூச்சல்கள் காட்டவில்லை என்பது என் எண்ணம். குறையும் உண்டு: ஆண்டி ஸ்னீப்பின் தயாரிப்பில் ஸ்காட் டிராவிஸின் டிரம்ஸ் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டு, எல்லா அடிகளும் ஒரே கனத்தில் விழுகின்றன.

வயதைக் கொண்டாடிய விமர்சனங்கள் பெரிதும் கவனிக்கத் தவறியது ஃபாக்னரைத்தான். குழுவின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பம் வெளிவந்த அதே 1980இல் பிறந்த அவர், 2011இல் முந்தைய கிதார் கலைஞர் கே. கே. டவுனிங்கின் இடத்துக்கு வந்தவர். ஹால்ஃபோர்ட், டிப்டன் ஆகியோரோடு இந்த ஆல்பத்தின் பாடல்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர். முதியவர்களின் வேகம் என்று வியக்கப்பட்டதில் கணிசமான பங்கு, நாற்பதுகளில் இருக்கும் இந்த மனிதரின் விரல்களிலிருந்து வந்தது.