கைவைத்துக் கெடுத்த 4ஒய் எஞ்சின்: பழைய ஃபோர்க்லிஃப்ட்டில் எங்கிருந்து தொடங்குவது

டொயோட்டா 4ஒய் எஞ்சின் போட்ட பழைய ஃபோர்க்லிஃப்ட் நாலைந்து கை மாறி வந்திருந்தால், போனெட்டைத் தூக்கியதும் சில விஷயங்கள் தவறாமல் கண்ணில் படும். கார்புரேட்டர் ஏதோ வேனுடையதாக இருக்கும். அதன் அடியில் பட்டறையில் வெட்டிய இரும்புத் தகடு. இக்னிஷன் காயிலுக்கு பேட்டரியிலிருந்து நேரே ஒரு ஒயர். எஞ்சின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் கவர்னரைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொன்றும் வேலை நிற்கக்கூடாது என்று அன்றைக்கு யாரோ செய்த ஒப்பேற்றல். அன்றைய கோளாறு அப்படியே உள்ளே கிடக்கும், அதன்மேல் இன்னொன்று சேர்ந்திருக்கும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன்பே, இதை எதற்காக மாற்றினார்கள் என்று ஒவ்வொரு மாற்றத்திடமும் கேட்டுவிட வேண்டும்.

4ஒய் நல்ல எஞ்சின். 2,237 சிசி, போர் 91 மி.மீ., ஸ்ட்ரோக் 86 மி.மீ. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், கேமிலிருந்து ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு, எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட், டைமிங் செயின். இதே 4ஒய் ஹையேஸ் வேனிலும் ஹைலக்ஸிலும் ஓடியது. வம்பு அங்கேதான் ஆரம்பம். வேனில் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றும் எஞ்சினை, ஃபோர்க்லிஃப்ட்டில் சுமார் 2,600 ஆர்பிஎம்மிலேயே கவர்னர் பிடித்து நிறுத்திவிடும். பெயர் ஒன்றுதானே என்று வேன் கார்புரேட்டரையும் வேன் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாட்டினால், போல்ட் எல்லாம் பொருந்தும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். லோடு ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கேஸ் வண்டி என்றால் அதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடி, லைனில் உள்ள கேஸ் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு கழற்றப்போகும் ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒயருக்கும் ஒரு சீட்டு கட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான இணைப்பாக இருந்தாலும் எடுங்கள். எந்த ஹோஸை எங்கே அடைத்திருக்கிறார்கள் என்பது பின்னால் துப்புக் கொடுக்கும்.

கார் வேலையிலிருந்து வருபவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஃபோர்க்லிஃப்ட்டில் எஞ்சின் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஃபேன் பின்னால் கவுண்டர்வெயிட்டை (லோடுக்கு ஈடாகப் பின்னால் வைத்த இரும்பு எடை) பார்க்கும், கியர்பாக்ஸ் முன்னால் மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் சட்டம்) பக்கம். ஆகவே ஒன்றாம் சிலிண்டர் கவுண்டர்வெயிட் பக்கம் இருப்பது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினாலும் சுற்று வரிசையில் இதே 1-3-4-2தான் வரும் என்பதால், தப்பாக எண்ணிய எஞ்சினும் ஒழுங்காக ஓடும். தவறு தெரியவே தெரியாது. கம்ப்ரஷன் எழுதிய சிலிண்டர் ஒன்று, பிரித்துப் பார்க்கும் சிலிண்டர் இன்னொன்று என்று ஆகும்போதுதான் தலையைச் சொறிவார்கள்.

கம்ப்ரஷன் பார்க்க பேட்டரியைத் திரும்ப மாட்டி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, காயிலைத் துண்டித்துவிட்டுச் சுற்றுங்கள். நல்ல 4ஒய் 170 பிஎஸ்ஐ அளவில் காட்டும். 130க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. பிறகு பிளக்குகளையும் காயிலையும் திரும்பப் போட்டு ஓடவிட்டு, வேக்குவம் கேஜையும் மாட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை ஆடாமல் நிற்க வேண்டும். சீராகத் துள்ளிக்கொண்டே இருந்தால் வால்வு. ஆடாமல் தாழ்ந்தே நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம், இல்லை எங்கோ காற்று இழுக்கிறது.

கம்ப்ரஷன் குறைந்தால் உடனே "வால்வு எரிந்துவிட்டது" என்று ஹெட்டை இறக்கிவிடாதீர்கள். ஓவர்ஹீட் ஆகி ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவிய வரலாறு இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். ஹெட்டை அரை மி.மீ. சீவினால் ராக்கர் ஷாஃப்ட்டும் வால்வும் கேம் பக்கம் அரை மி.மீ. இறங்கிவிடும். புஷ்ராடு மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கும். கொஞ்சம் சீவினால் ஹைட்ராலிக் டேப்பட் அதைத் தன் உள்ளோட்டத்தில் விழுங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை சீவிய ஹெட்டில் டேப்பட்டின் பிளஞ்சர் அடிமட்டத்தைத் தொட்டுவிடும், வால்வு முழுக்க மூடாது. அந்த நிலையில் வால்வை கிரைண்ட் பண்ணி உட்கார வைத்தால் தண்டு இன்னும் மேலே எழும்பும், நிலைமை மோசமாகும். புது வால்வு, புது கைடு, புது பேக்கிங் எல்லாம் போட்டும் மிஸ்ஸிங் போகாத எஞ்சின்களில் பாதியின் கதை இதுதான். இப்படிப்பட்ட எஞ்சின் குளிரில் அதிகம் திணறும். சூடேறினால் அலுமினிய ஹெட் புஷ்ராடை விடக் கூடுதலாக விரிந்து கொஞ்சம் இடம் கொடுக்கும், ஓரளவு சமாளிக்கும்.

சோதிப்பது சுலபம். அந்த சிலிண்டரை டிடிசிக்கு (கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைக் கொடுங்கள். டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் இணைப்பு) உள்ள வண்டியில் கியர் போட்டு எஞ்சினைப் பிடித்து நிறுத்த முடியாது. கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ சீறல் கேட்கிறதா? காற்றை நிறுத்திவிட்டு ராக்கர் ஷாஃப்ட் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். மறுபடி காற்று கொடுத்தால் சீறல் நின்றுவிட்டதென்றால் வால்வும் சீட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. புஷ்ராடுதான் திறந்து வைத்திருக்கிறது. தளர்த்திய பிறகும் சீறினால் வால்வு வேலை உண்மையிலேயே இருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

புஷ்ராடு நீளம்தான் பிரச்சினை என்றால், வேறு நல்ல ஹெட் கிடைத்தால் மாற்றுவது நேர்வழி. கிடைக்காவிட்டால் ராக்கர் ஸ்டாண்டுகளுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுக்கலாம். ஆனால் அரை மி.மீ. சீவலுக்கு அரை மி.மீ. ஷிம் கொடுக்கக்கூடாது. ஸ்டாண்டு உயரும்போது ராக்கர் வால்வு நுனியை ஊன்றித் திரும்பும், அதனால் புஷ்ராடு பக்கம் உயர்வு பெரிதாகக் கிடைக்கும். ராக்கர் விகிதம் 1.5 என்றால் 0.3 மி.மீ. ஷிம்முக்கு அந்தப் பக்கம் அரை மி.மீ. தளர்வு வரும். எல்லா ஸ்டாண்டுக்கும் ஒரே கனம். ஆயில் ஏறி வரும் ஸ்டாண்டுக்கு மட்டும் துளை போட்ட ஷிம். அதை மறந்தால் ராக்கர் ஷாஃப்ட் வறண்டு தேயும். மாட்டும்போது டேப்பட்டை டீசலில் மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கும் குண்டை அழுத்தி எண்ணெயை வெளியேற்றி, பிளஞ்சரை முழுக்க இறக்கிய நிலையில் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளியே இல்லை என்றால் ஷிம் போதவில்லை.

ஹெட் முகத்தில் ஸ்கேல் வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் நுழையாமல் இருந்தால் சீவவே வேண்டாம். "எதற்கும் ஒரு தடவை சீவிவிடலாம்" என்பது லேத்துக்காரருக்குத்தான் லாபம். 14 மி.மீ. தலை உள்ள ஹெட் போல்ட்டுக்கு 88 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து வெளியே, 30, 60, 88 என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். போல்ட் துளையில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும், பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்துக் காயவைத்த பிறகே போல்ட்டைப் போடுங்கள்.

சம்ப்பின் (எஞ்சினடி ஆயில் தொட்டி) ஓரமெல்லாம் சிலிகான் பிதுங்கிக்கொண்டு நிற்கும் எஞ்சினில் சம்ப்பை இறக்காமல் விடாதீர்கள். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். ஆயில் பிரஷர் லைட்டின் ஒயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள் என்றால் அதன் காரணம் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரெய்னரில்தான் இருக்கும்.

இனி கார்புரேட்டர். ஒரிஜினலை ஏன் தூக்கினார்கள்? டேங்கில் துரு, அது ஜெட்டை அடைத்து அடைத்து, சுத்தம் பண்ணிப் பண்ணிச் சலித்துப்போயிருப்பார்கள். ஆகவே டேங்கைக் கழுவாமல் எந்தக் கார்புரேட்டர் போட்டாலும் மூன்று மாதத்தில் அதே கதை. வேன் கார்புரேட்டரின் வாய் பெரியது. 1,000 முதல் 2,000 ஆர்பிஎம்மில் லோடு தூக்கும்போது காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் சரியாகக் கலக்காது; எஞ்சின் அமுங்கும். அடியில் போட்ட தகடும் முறுகியிருக்கும். ஐட்லிங்கில் தகட்டின் ஓரத்தில் கார்ப் கிளீனரைத் துளித்துளியாக அடித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் காற்று இழுக்கிறது. சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பழைய மாடல்களில் கவர்னர் காற்றோட்டத்தில் வேலை செய்வது. உள்ளே போகும் காற்றின் வேகம் ஒரு தகட்டை மூடப் பார்க்கும், ஸ்பிரிங் அதைத் திறக்கப் பார்க்கும். வேன் கார்புரேட்டரில் இது கிடையாது. கவர்னர் இல்லாத வண்டியில் ஹைட்ராலிக் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து அளவுக்கு மேல் சுற்றும், மாஸ்ட் தாறுமாறான வேகத்தில் ஏறும், வண்டி திருப்பத்தில் கவிழும் வேகத்துக்குப் போகும். கவர்னரைக் கட்டியவர் சொல்லும் காரணம் எப்போதும் "புல்லிங் இல்லை" என்பதுதான். அடைத்த ஏர் ஃபில்டர், பிந்திய டைமிங், வழுக்கும் கன்வர்ட்டர் என்று புல்லிங் குறைய ஆயிரம் காரணம் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட்டுக்கான கார்புரேட்டரும் கவர்னரும் திரும்ப வர வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். எஞ்சின் சூடான பின் டாக்கோமீட்டர் வைத்து மேனுவல் எண்ணுக்கு செட் பண்ணி, சீல் கம்பி போட்டுவிடுங்கள்.

சூடு விஷயத்தில் முதலில் ஃபேனின் திசையைப் பாருங்கள். காரில் ஃபேன் ரேடியேட்டர் வழியே காற்றை உள்ளே இழுக்கும். ஃபோர்க்லிஃப்ட்டில் எஞ்சின் பக்கமிருந்து காற்றைத் தள்ளி, ரேடியேட்டர் வழியாகக் கவுண்டர்வெயிட் ஓட்டையில் வெளியேற்றும். உடைந்த ஃபேனுக்குப் பதில் கார் ஃபேன் போட்டிருந்தால் அது கவுண்டர்வெயிட்டுக்குள் இருக்கும் சைலன்சரின் சூட்டை எஞ்சினுக்கே இழுத்து வரும். எரியாமல் என்ன செய்யும்? ஒரு தாளைக் கவுண்டர்வெயிட் ஜன்னலில் பிடித்தால் போதும், வெளியே பறக்க வேண்டும். தூசியும் எஞ்சின் பக்க முகத்தில்தான் படியும் என்பதால் காற்றடிப்பதும் கவுண்டர்வெயிட் பக்கமிருந்து உள்நோக்கி.

ஓவர்ஹீட்டுக்கு வைத்தியம் என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் கேஸ் வண்டியில் வேறு கூத்து நடக்கும். திரவ எல்பிஜி ஆவியாக ரெகுலேட்டருக்கு எஞ்சினின் சுடுதண்ணீர் வேண்டும். தண்ணீர் சூடேறாவிட்டால் ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி படியும், கேஸ் திரவமாகவே போய் எஞ்சின் மூச்சுத்திணறும். உடனே ரெகுலேட்டர் போய்விட்டது என்று புதுசு வாங்குவார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தாலும் இதே பனி வரும். ரெகுலேட்டர் உயரத்தில் இருப்பதால் ஓட்டம் முதலில் அதற்குத்தான் நிற்கும். புதுத் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அதன் மேல் அடித்திருக்கும் வெப்ப அளவில் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். வீட்டு உபயோக சிலிண்டரை ஒயர் கட்டி ஏற்றியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர் படுத்த நிலையில் திரவத்தைத் தருவதற்காகச் செய்தது, வீட்டு சிலிண்டர் நின்ற நிலையில் ஆவியைத் தருவது. சட்டப்படியும் அது குற்றம்.

இக்னிஷனில் காயிலின் பிரைமரியை மீட்டரில் அளந்து பாருங்கள். 3 ஓம் என்றால் பாயிண்ட் சிஸ்டத்தில் நேரே 12 வோல்ட் கொடுக்கலாம். 1.5 ஓம் என்றால் பேலஸ்ட் ரெசிஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடி பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். இக்னைட்டர் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதற்கென்று சொன்ன காயில்தான். வேன் டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் வேறு வேகத்துக்கு எழுதியது. ஐட்லிங் 750இல் டைமிங் சரியாகக் காட்டினாலும் 2,000இல் பிந்தி நிற்கும். டைமிங் லைட்டை இரண்டு வேகத்திலும் பிடிக்க வேண்டும். நியூட்ரல் ஸ்விட்சையும் சீட் ஸ்விட்சையும் டைரக்ட் பண்ணியிருந்தால் அதைத் திரும்ப இணைக்காமல் வண்டியை ஆபரேட்டர் கையில் கொடுக்கக்கூடாது. கியரில் ஸ்டார்ட் ஆகும் மூன்று டன் வண்டி முன்னால் நிற்பவரை நசுக்கும்.

எல்லா மாற்றத்தையும் கழற்ற வேண்டுமென்பதில்லை. நல்ல எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட், அதே ஆம்பியர் கொடுக்கும் கார் ஆல்டர்னேட்டர் போன்றவை ஒழுங்காக மாட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசிச் சோதனை லோடோடு, சூட்டோடு. டில்ட் லீவரைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தால் ரிலீஃப் வால்வு கத்தும், எஞ்சின் இறங்கி உடனே தாங்கிக்கொள்ள வேண்டும், அணையக்கூடாது. அடுத்து ஸ்டால் டெஸ்ட். மாஸ்ட் தாழ்ந்து, பிரேக் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரில் முழு ஆக்சிலேட்டர். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், கன்வர்ட்டர் எண்ணெய் கொதித்துவிடும். மேனுவல் எண்ணை விட ஆர்பிஎம் குறைந்தால் எஞ்சினில் சக்தி இல்லை. கூடினால் கன்வர்ட்டரோ கிளட்ச்சோ வழுக்குகிறது. குடோனுக்குள் ஓடும் வண்டி என்றால் அனலைசர் வைத்து ஐட்லிங்கில் சிஓவை (கார்பன் மோனாக்சைடு) 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிரித்துக் கோர்த்த எஞ்சினுக்கு 50 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம்.

பிளாக்கையே தாறுமாறாக போர் பண்ணி, 1.00 ஓவர்சைஸ் பிஸ்டனும் ஆடுகிறது என்றால் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடுவதே மலிவு. அப்போதும் வேனிலிருந்து இறக்கியதை முழுசாக ஏற்றிவிட முடியாது. சம்ப், எஞ்சின் மவுண்ட், ஃபிளைவீல் பக்கத்து கன்வர்ட்டர் இணைப்பு, ஃபேன், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உங்கள் பழைய எஞ்சினிலிருந்து மாற வேண்டியவை. ஆகவே புது எஞ்சின் வண்டியில் ஏறி லோடு தூக்கும்வரை பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.