மசக்கை வாந்திக்கு பெனர்கன் ஊசி போட்டுக்கொண்ட அனுபவம்

மசக்கை என்றால் காலையில் இரண்டு தடவை குமட்டும், மாங்காய் கேட்கும், மூன்று மாதத்தில் தானாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு ஏழாவது வாரத்தில் ஆரம்பித்தது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் வாந்தி. தண்ணீர் குடித்தால் தண்ணீர், வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகப் பித்தம். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே எனக்குக் குடல் புரளும்.

வாந்தியைவிட எச்சில்தான் என்னை அதிகம் வதைத்தது. வாய் நிறைய ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் உடனே வாந்தி. அதனால் எவர்சில்வர் சொம்பு ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டிருந்தேன். தூங்கும்போதும் தலையணை நனைந்துவிடும். இதை யாரிடமும் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. அத்தை, "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் 54 கிலோ இருந்த நான் 49.5 கிலோவுக்கு வந்திருந்தேன். அது எல்லாருக்கும் இருப்பதில்லை.

முதலில் டாக்சினேட் மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார்கள். நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். எனக்கு அது உள்ளே தங்கினால்தானே வேலை செய்ய? போட்ட பத்தாவது நிமிடம் வெள்ளையாக வெளியே வந்துவிடும். மறுபடி போடலாமா, எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று ஒன்றும் புரியாது. இப்படி ஐந்து நாள் போனது. ஆறாவது நாள் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில், அதுவும் நாளுக்கு இரண்டு தடவைதான். எழுந்து நின்றால் கண் இருட்டியது. அம்மா அன்று ராத்திரியே ஆட்டோ வைத்துப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்.

அங்கே டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் சிஸ்டர் ஒரு பழுப்பு நிறக் கண்ணாடி ஆம்பூலை உடைத்து, ஊசியில் எடுத்து, புறங்கையில் டிரிப்ஸுக்காகக் குத்தி வைத்திருந்த வென்ஃப்ளான் குழாய் வழியாக அப்படியே ஏற்ற ஆரம்பித்தார். மூன்று நான்கு நொடிதான் இருக்கும். புறங்கையில் தொடங்கி முழங்கை வரை நரம்புக்குள் நெருப்பை ஓட விட்ட மாதிரி எரிந்தது. கத்திவிட்டேன். "கொஞ்சம் எரியும்மா, பொறுத்துக்கோங்க" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து, "வேண்டாம்மா, எடுத்துடுங்க" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பாதி மருந்து போயிருந்தது. அன்று ராத்திரி தூங்கினேன், வாந்தியும் குறைந்தது. ஆனால் காலையில் புறங்கை சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது. தொட்டால் உயிர் போகும். அது வடியப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

ஆம்பூலில் இருந்த பெயரை அம்மா துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். பெனர்கன், அதாவது புரோமெத்தசின். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அது அலர்ஜி ஊசியாச்சே, ஏவில் மாதிரி" என்றாராம். அம்மாவுக்கு பயம் பிடித்துக்கொண்டது. வாந்திக்குப் போன பெண்ணுக்கு அரிப்பு ஊசியை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று.

இரண்டு நாளில் வாந்தி பழையபடி ஆனது. இந்தத் தடவை தஞ்சாவூரில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனோம். சிறுநீரில் கீட்டோன், அதாவது பட்டினி உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருகிற பொருள், மூன்று பிளஸ்; ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. உடனே அட்மிஷன். அம்மா முதல் வேலையாக அந்தத் துண்டுச் சீட்டை நீட்டினார். டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்ன விஷயங்களை இன்றும் மறக்கவில்லை.

மருந்து தப்பில்லை என்றார். அது ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்து. ஹிஸ்டமின் அரிப்பையும் தும்மலையும் மட்டும் உண்டாக்குகிற பொருள் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைக் கிளப்புகிற இடத்துக்கும், காதுக்குள்ளிருந்து தலைசுற்றல் சேதி போகிற இடத்துக்கும் ஹிஸ்டமின் வழியாகவும் தகவல் போகிறது. அந்த வாசலை அடைத்துவிட்டால் குமட்டல் அடங்கும். பஸ் பயண வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரைகள் பலவும் இந்த வகைதான். நான் வாந்தி எடுத்த டாக்சினேட்டில் இருக்கும் டாக்சிலமினும் ஆன்டிஹிஸ்டமின்தான், அதாவது ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்துதான். ஆக, நான் புதிதாக எதற்கும் மாறவில்லை, வயிற்றைத் தாண்டிப் போக ஒரு வழி தேவைப்பட்டது, அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கு இதைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். "பத்து வாரம் தாண்டலை இல்ல, எம்செட் ஊசிக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பார்ப்போம்" என்றார். எம்செட் என்பது ஒண்டான்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்து.

"மருந்து சரி, போட்ட விதம்தான் சரியில்லை. இது தொடையிலோ இடுப்பிலோ சதைக்குள்ள ஆழமாப் போட வேண்டிய ஊசி" என்றார். அமிலத்தன்மை உள்ள மருந்து. ரத்த நரம்பை விட்டு வெளியே கசிந்தாலோ, தவறி தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்க்குள் போனாலோ அங்கே இருக்கும் சதையே செத்துப்போகலாம். எரிந்ததும் நிறுத்தச் சொன்ன அம்மாவைப் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் டயானா லெவின் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றித் தெரிந்தது. வெர்மாண்டைச் சேர்ந்த இசைக்கலைஞர். 2000-இல் ஒற்றைத் தலைவலியோடு வந்த குமட்டலுக்கு அவருக்கு இதே மருந்தை முதலில் சதையில் போட்டிருக்கிறார்கள். அடங்கவில்லை என்று அதே நாளில் மறுபடி போனபோது கையில் நேரடியாக ஏற்றியிருக்கிறார்கள். அது தமனிக்குள் போய், கை அழுகி, முன்கையையே எடுக்க வேண்டியதாயிற்று. கிட்டார் வாசித்த கை. மருந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அதே ஆண்டு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஊசி மருந்தின் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. இதைப் படித்துவிட்டு என் புறங்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, தஞ்சாவூருக்கு வருகிறேன். குளுக்கோஸ் டிரிப்ஸ் போடுவதற்கு முன்பே பி1, அதாவது தயமின் ஊசி போட்டார்கள். பல நாள் சாப்பிடாத உடம்பில் தயமின் தீர்ந்திருக்கும், அந்த நிலையில் சர்க்கரையை மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம் என்றார்கள். இதையும் முதல் இடத்தில் யாரும் யோசிக்கவில்லை. வாந்திக்குப் போடுகிற இன்னொரு மருந்தான பெரினார்ம் எதுவும் போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டார்கள். என் சித்தி மகளுக்கு ஒருமுறை பெரினார்ம் போட்டுக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த இழுப்பை எடுக்க அவளுக்கு அன்று போட்டதும் இதே பெனர்கன்தான் என்று பிறகு தெரிந்தது.

ஊசி போட வந்தவர் ஐம்பது வயது சிஸ்டர். "ஒருக்களிச்சுப் படு கண்ணு, காலைத் தளர்த்தி வச்சுக்கோ" என்றார். ஆம்பூலின் கழுத்தைப் பஞ்சால் பிடித்து டக்கென்று உடைத்தார். ஒரு மில்லி, 25 மில்லிகிராம். இடுப்பில் விரலால் அளந்து, மேல்பக்கம் வெளிப்புறமாக ஒரு இடத்தை அழுத்திப் பார்த்தார். ஊசி உள்ளே போனதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகு மெதுவாக, நான் பத்து வரை எண்ணும் அளவுக்கு மெதுவாக ஏற்றினார். வலித்தது. கனமான, மந்தமான வலி. எரிச்சல் இல்லை.

இருபது நிமிடம் இருக்கும். கண் சொருகியது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாய் காய்ந்தது. இந்த மருந்துக்கு வாய் உலர்வது ஒரு பக்க விளைவு, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமாம். மூன்று வாரமாகச் சொம்போடு வாழ்ந்த எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அந்த நிமிடம் அழுகை வந்தது. சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். ஐந்து மணி நேரம், நடுவில் எழாமல்.

எழுந்தபோது உலகமே மெத்தையில் மிதந்தது. பாத்ரூமுக்குத் தனியாக விடவே இல்லை, அம்மா ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். ஊசி போட்ட நாட்களில் தனியாக எழுந்திருக்காதீர்கள், தூக்கமும் தலைகிறுகிறுப்பும் நிஜமாகவே ஆளைக் கீழே தள்ளும். மலச்சிக்கலும் இருந்தது. குமட்டல் முழுக்கப் போகவில்லை, ஆனால் பத்தில் ஒன்பதாக இருந்தது நான்குக்கு வந்தது. அம்மா ஒரு பிடி பொரியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, நாக்கில் வைத்துக் கரைத்துச் சாப்பிட்டேன். பிறகு நகக்கண் அளவு நார்த்தங்காய் ஊறுகாய். தங்கியது.

மூன்று நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டார்கள். வலது இடுப்பு, இடது இடுப்பு என்று மாற்றி மாற்றி. கீட்டோன் இல்லை என்று வந்த பிறகு மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "புரோமெத்தசின்: ஆழமாகச் சதையில் மட்டும். கை நரம்பில் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினான்காவது வாரம் மறுபடி அட்மிஷன். ராத்திரி டியூட்டியில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண். பழுப்பு ஆம்பூலை உடைத்து மருந்தை எடுத்துக்கொண்டு, என் புறங்கை வென்ஃப்ளானின் மூடியைத் திறக்கப் போனாள். கையை இழுத்துக்கொண்டு ஃபைலின் முதல் பக்கத்தைக் காட்டினேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். வென்ஃப்ளான் மூடியை மூடிவிட்டு, நீளமான ஊசி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து, "திரும்பிப் படுங்கக்கா" என்றாள்.