பம்புசெட் கொட்டாயில ஒரு ஹைப்ரிட்

போன வாரம் மன்னார்குடி போயிருந்தப்ப சித்தப்பா கேட்டாரு, "லண்டன்ல உங்கண்ணன் வச்சிருக்கானே, அது கரண்டு வண்டியா பெட்ரோல் வண்டியாடா?" ரெண்டும்தான் சித்தப்பான்னேன். அதெப்படி ரெண்டும்னாரு. பேட்டரி பேக்கு அது இதுன்னு ஆரம்பிச்சேன், ஒண்ணும் ஏறல. அப்பதான் நாங்க உக்காந்திருந்த இடத்தையே பாத்தேன். பம்புசெட் கொட்டாய். ஒரு பக்கம் கரண்டு மோட்டாரு, மூலைல சாக்கு போட்டு மூடுன ஆயில் இன்ஜின். த்ரீ பேஸ் இருந்தா மோட்டாரு ஓடும், போச்சுன்னா இன்ஜினை சுத்தணும். "இதேதான் சித்தப்பா, ரெண்டையும் தூக்கி ஒரே வண்டில வச்சுட்டான்."

அண்ணன் வண்டி பழைய மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது பிளக்கும் போடலாம், பெட்ரோலும் ஊத்தலாம். பேட்டரி 12 யூனிட் புடிக்கும், முன்னாடி ஒரு மோட்டார் பின்னாடி ஒண்ணு, கூட 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நைட்டு வீட்டு பிளக்குல போட்டா காலைல ஃபுல்லு, நிஜத்துல ஒரு 35, 40 கிமீ சத்தமே இல்லாம போகும், அதுக்கப்புறம் இன்ஜின் தானா எந்திரிச்சு, மெதுவா போறப்ப ஜெனரேட்டர் மாதிரி கரண்டு எடுத்துக் குடுக்கும், ஹைவேஸ்ல நேரா சக்கரத்தையே சுத்தும். எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்டியரிங்குக்கு பின்னாடி இருக்குற சின்ன பட்டை, அதை இழுத்தா பிரேக்கை மிதிக்காமலே வண்டி தம் கட்டி நிக்கிற மாதிரி ஸ்லோவாகும், அந்த வேகம் வீணாகாம பேட்டரிக்குள்ள போய்டும். ஆட்டுக்கும் டிராக்டருக்கும் நின்னு நின்னு போற நம்ம ரோட்டுக்குன்னே செஞ்ச மாதிரி.

நீடாமங்கலம் போய்ட்டு வர்றதுக்கு ஒரு சொட்டு பெட்ரோல் வேணாம். மெட்ராஸ் போகணுமா, சார்ஜர் எங்கன்னு தேடாம நேரா பங்க்குல விட்டுக்கலாம். முழு கரண்டு வண்டி வாங்க பயப்படுறவங்களுக்கு இதான் தைரியம்.

ஆனா டெய்லி பிளக் போடணும். போடாம ஓட்டுனா, அந்த பேட்டரி வெயிட்டையும் பெட்ரோல் ஊத்தியே சுமக்கணும், சாதா காரே தேவலாம். ஐரோப்பால நிஜமா ரோட்டுல ஓடுற இந்த மாதிரி வண்டிங்க விடுற கார்பன் டை ஆக்சைடு, லேப்ல காட்டுன கணக்கவிட சராசரியா மூணரை மடங்குன்னு 2024ல ஐரோப்பிய கமிஷனே சொல்லிருச்சு. அப்புறம் ஆயில் மாத்துற வேலை, ஃபில்டர் வேலை எல்லாம் அப்படியே இருக்கு, இன்ஜின்னு ஒண்ணு இருக்குல்ல. இன்ஜினை மாசக்கணக்குல தொடாமலே விட்டாலும் சில வண்டி தானா ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பாத்துக்கும். தாத்தா மாசம் ஒருதடவ ஆயில் இன்ஜினை சும்மாவே ஓட்டி வைப்பாரு, ஓடாம கெடந்தா கெட்டுடும்னு, அதே காரணம்தான்.

நம்மூர்ல ஹைப்ரிட்னு ஓடுற இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரால எல்லாம் பிளக் போடுற ஓட்டையே கிடையாது, அது வேற ஜாதி. பிளக் போடுறதுன்னு இங்க வந்தது பெரும்பாலும் பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் மாதிரி கோடில விலை. இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஆர்வம் போய்டும்னு நெனச்சேன். கணக்கு கேட்டாரு. 40 கிமீக்கு 10 யூனிட், யூனிட் 10 ரூவான்னே வச்சாலும் 100 ரூவா, லிட்டருக்கு 15 குடுக்குற பெட்ரோல் வண்டின்னா 270 ஆகும்னேன். டெய்லி போட்டா ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட்டு, வீட்டுக்கு ஃப்ரீயா வர்ற கொஞ்ச யூனிட் எந்த மூலைக்குன்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஏன்டா, கொட்டாய் கரண்டு ஃப்ரீதானே, இங்கயே சொருகிட்டா?"

அது பயிருக்கு மட்டும்தான் சித்தப்பா, லைன்மேன் பாத்தா கனெக்‌ஷனையே புடுங்கிடுவாருன்னேன். "ராத்திரிலதானேடா சொருகுவோம்"ங்குறாரு.