நெட் போச்சா, நிறுத்திட்டாங்களா?

மன்னார்குடியில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். யார் போனில் எது ஓடாவிட்டாலும் பஞ்சாயத்து என்னிடம்தான். 2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை ராத்திரி வந்தவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், விகடன் சந்தாதாரர்.

"தம்பி, டேட்டா தீந்துடுச்சான்னு பாரு."

தீரவில்லை. ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தேன், கேஷை அழித்தேன், சிம்மைக் கழற்றி மாட்டினேன். மற்றதெல்லாம் பறக்கிறது, விகடன் தளம் மட்டும் சுற்றிச் சுற்றி, அணுக முடியவில்லை என்று நிற்கிறது. வேறு கம்பெனி சிம் போட்ட என் போனில் திறந்தது. புதுப் போன் வாங்கணுமோ என்று சார் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்கா நம் ஆட்களுக்கு விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய சமயம். டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ்ஸில் ஒரு கார்ட்டூன். அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார். ஒரு படத்துக்காக ராசிபலன், சமையல் குறிப்பு உட்பட மொத்தத் தளமும் முடங்கியது. சந்தா கட்டியவர்கள் மட்டும் பார்க்கிற இதழ் அது. தடைக்குப் பிறகு அந்தப் படம் வராத வாட்ஸ்அப் குரூப்பே இல்லை!

1987-இல் இதே விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு, அட்டைப்பட ஜோக்குக்காக, சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. அநியாயம்தான். ஆனால் தண்டித்தது யார், எதற்கு என்பதெல்லாம் டீக்கடை வரைக்கும் தெரியும். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே வெளியே விட்டார்கள். இந்தத் தடைக்கு ஆள் அடையாளமே கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசு ஒரு தளத்தை முடக்கினால், புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கணும் என்கிறது அதற்கான 2009 விதிகளில் 16-ஆவது விதி. வாசகன் டேட்டா பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருப்பான். யார் மேல் கோபப்படுவான்?

மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், படத்தை இப்போதைக்கு எடுங்கள், தடையை விலக்கட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. தளம் வந்தது.

"படத்தத் தூக்குனாத்தான் கதவத் தொறப்பாங்கன்னா, அது பேரம்பா" என்றார் சார்.

விகடனாவது வக்கீல் வைத்தது, சார். நாலு பேர் நடத்துகிற சின்னத் தளம் என்றால் சர்வருக்குக் காசு கட்டவில்லை போல என்று நாமே முடிவுகட்டி, அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.