கோத்தகிரியிலிருந்து சிட்னிக்கு: தூரம் வேறு, நேரம் வேறு

சிட்னியில் அக்காவுக்குப் பேறுகாலம். ஆடியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதென்று முடிவானதும் நான் முதலில் பார்த்தது டிக்கெட் விலையை அல்ல, வழியை. முழங்கால் வலிக்காரரான அம்மாவால் நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது.

கோவைக்கும் சிட்னிக்கும் வான்வழி நேர்த்தூரம் சுமார் 9,270 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. எங்கே மாறுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அபுதாபி வழியாகப் போனால் ஏறக்குறைய 14,800 கிலோமீட்டர். கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் மேற்கே போகிறோம். டெல்லி வழியாக 12,400. சிங்கப்பூர் வழியாக 9,460 மட்டுமே. பூமி உருண்டையில் கோவையையும் சிட்னியையும் நூல் பிடித்து இணைத்தால் சிங்கப்பூர் அதற்கு வெகு அருகில் வருகிறது. மற்ற வழிகளில் விலை குறைவாகக் கிடைத்தும் நான் அவற்றைத் தொடவில்லை.

இரண்டு விமானங்களையும் ஒரே முன்பதிவில் எடுத்தேன். தனித்தனியாக எடுத்தால் சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நேரலாம். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த ஊர் விசாவும் தேவைப்படலாம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலியையும் அப்போதே கேட்டுவிட்டேன்.

விமானம் நள்ளிரவு 12.30-க்கு. வீட்டை விட்டு மாலை 4 மணிக்கே கிளம்பினோம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர்தான், ஆனால் மழைக்காலத்தில் மலைப்பாதையை இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு மரம் சாய்ந்தாலும், மண் சரிந்தாலும் போக்குவரத்து நின்றுவிடும். எந்தத் தூரக் கணக்கீட்டுக் கருவியும் இதைச் சொல்லாது. பிறகு பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் நெரிசல் வேறு. 7.30-க்கு விமான நிலையம் சேர்ந்தோம்.

டிக்கெட்டில் புறப்பாடு இரவு 12.30, சிட்னி சேருவது இரவு 9.15 என்றிருந்ததைப் பார்த்து அம்மா மலைத்துப்போனார். ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரமா என்றார். அவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். ஜூலையில் சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடும். அக்டோபரில் அங்கே கடிகாரத்தை நகர்த்தியபின் ஐந்தரை. ஜூலையின் அந்த நாலரையைக் கழித்தால் பதினாறேகால் மணி நேரம். சிங்கப்பூருக்கு நாலரை, அங்கே காத்திருப்பு நான்கு, பிறகு ஏழே முக்கால். வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் இருபத்து நான்கே முக்கால் மணி நேரம். வானில் இருந்தது அதில் பாதிதான். சிங்கப்பூரின் நான்கு மணி நேரத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். அம்மா காலை நீட்டிப் படுத்தது அங்கேதான்.

சிட்னியில் வர்க்கி பிஸ்கட்டையும் தேயிலைத்தூளையும் வருகை அட்டையில் மறைக்காமல் குறித்தோம். பிரித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

திரும்பும்போது எதிர்க்காற்றால் சிட்னி–சிங்கப்பூர் பயணம் சற்றே நீளும். கோவையில் இரவில் இறங்குபவர்கள் தூக்கக் கலக்கத்தோடு மூடுபனியில் மலை ஏற வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, விடிந்தபின் ஏறுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.